தகரத்துக்கும் தாளுக்கும் விலை கொடுங்கள்: ஜாகுவார் இ-டைப் வாங்கும் முறை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெயிண்ட். அடுத்து குரோமியம், பிறகு தோல் இருக்கை, அதன்பின் இன்ஜின் சத்தம். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அவரும் பணத்தைப் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே செலவழித்திருப்பார். காரின் உண்மையான மதிப்போ சட்டென்று கண்ணில் படாத இரண்டு இடங்களில் இருக்கிறது: பெயிண்டுக்கு அடியிலுள்ள தகரம், காரோடு வரும் தாள்கள். மற்றதையெல்லாம் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். தகரம் அழுகியிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். தாள் பொய்யாக இருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் அது மெய்யாகாது.

இதை விளக்க இந்த அத்தியாயம் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறது: ஜாகுவார் இ-டைப். 1961 முதல் 1974 வரை சுமார் 72,500 கார்கள் தயாராயின. எனவே சந்தையில் எப்போதும் சில கிடைக்கும். ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் இன்றும் புதிதாக வாங்கலாம். காரை அணு அணுவாக அறிந்த கிளப்புகளும் பட்டறைகளும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிறைய உண்டு. இதைச் சோதிக்கக் கற்றுக்கொண்டவர் ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, போர்ஷே எதன் முன் நின்றாலும் தடுமாற மாட்டார்.

காரின் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

1961 மார்ச் 15 அன்று ஜெனிவாவில் ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸ் இந்தக் காரைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். ஓட்டிப் பார்க்க விரும்பியவர்கள் கூட்டம் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகவே, கோவென்ட்ரியிலிருந்து இன்னொரு காரை நிறுவனத்தின் டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ் இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், தனித்தனியாக அசையும் பின் சக்கரங்கள். பிரிட்டனில் வரியோடு சேர்த்து ரோட்ஸ்டரின் விலை 2,097 பவுண்டு. அதே காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 வாங்க ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டியிருந்தது.

உருவத்தை அமைத்தவர் மால்கம் சேயர். விமானத் தொழிலிலிருந்து வந்தவர். வளைவுகளைக் கண்மதிப்பில் வரையாமல் கணக்குப் போட்டு வகுத்தார். 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லே மான் பந்தயத்தை வென்ற டி-டைப் காரும் அவர் கணக்கில் உருவானதுதான். அதன் கட்டமைப்பு முறையே இ-டைப்புக்கும் வந்தது.

வாங்குகிறவர் மனதில் பதிய வேண்டியது இந்தக் கட்டமைப்பு முறைதான். இ-டைப்புக்கு லாரி, ஜீப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. நடுப்பகுதி முழுவதும் தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து ஆக்கிய ஒரே கூடு. பயணிகள் உட்காரும் இடமும் டிக்கியும் அந்தக் கூட்டில் அடங்கும். அதன் முன்சுவரில் சதுரக் குழாய்களால் ஆன ஒரு ஃபிரேமை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அந்த ஃபிரேமில் உட்காருகின்றன. பின் சஸ்பென்ஷன், டிஃபரென்ஷியல், பின் பிரேக் எல்லாம் தனிக் கூண்டு ஒன்றில் அடங்கி, ரப்பர் மவுன்டிங் வழியாகக் கூட்டின் அடியில் தொங்குகின்றன. முன் ஃபிரேமைக் கழற்றலாம், பின் கூண்டைக் கழற்றலாம். நடுக்கூட்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கார் என்பது அதுதான். அதன் கதவடிப் பெட்டிகள், அதாவது ‘சில்’ எனப்படும் பகுதிகள், ஒரு வீட்டின் உத்தரம் போல. அழகுக்காக வைத்தவை அல்ல, பாரம் தாங்குபவை.

மூன்று தொடர்களில் உங்களுக்கு எது?

முதல் தொடர் 1961 முதல் 1968 வரை. அதிலேயே இரண்டு பிரிவு உண்டு. 1964 இறுதி வரை 3.8 லிட்டர் இன்ஜின், அதன்பின் 4.2 லிட்டர். இரண்டுமே ஆறு சிலிண்டர். இரண்டுக்கும் நிறுவனம் சொன்ன சக்தி 265 குதிரைத்திறன்தான் என்றாலும் 4.2-ல் இழுவை அதிகம். 3.8 தூய்மையானது என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அதன் முன்விளக்குகளுக்குக் கண்ணாடி மூடி உண்டு, டேஷ்போர்டின் நடுவில் அலுமினியத் தகடு உண்டு. ஆனால் அதன் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது, பிரேக் பூஸ்டர் பலவீனம், இருக்கையும் நீண்ட பயணத்துக்கு உகந்ததல்ல. 4.2-ல் எல்லாக் கியருக்கும் சின்க்ரோ வந்தது, நல்ல பூஸ்டர் வந்தது, டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்தது, இருக்கையும் மேம்பட்டது. ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு முதல் தொடர் 4.2 கூப்பேதான் என் முதல் பரிந்துரை.

மிகத் தொடக்கத்தில் வந்த கார்களுக்குத் தரை ஒரே மட்டமாக இருக்கும், பாதம் வைக்கப் பள்ளம் இருக்காது. முதல் 500 கார்கள் வரை பானட்டைத் திறக்க வெளியிலிருந்து தனிச் சாவி போட வேண்டும். இந்த இரண்டு அடையாளமும் உள்ள கார் மிக அதிக விலைக்குப் போகும். அதனாலேயே பின்னாளைய கார்களை அப்படி வேடம் போட்டு விற்பவர்களும் உண்டு.

1966-ல் பின்னால் சிறு இருக்கையோடு 2+2 கூப்பே வந்தது. அதன் சக்கர இடைவெளி மற்றவற்றைவிட 23 சென்டிமீட்டர் அதிகம், கூரையும் உயரம். சேகரிப்பாளர்கள் இதை அவ்வளவாக விரும்புவதில்லை, அதனால் விலை குறைவு. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக நினைப்பவருக்கு இது உண்மையான வாய்ப்பு.

இரண்டாம் தொடர் 1968 முதல் 1971 வரை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக முன்விளக்கின் கண்ணாடி மூடி போயிற்று, பின்விளக்குகள் பெரிதாகி பம்பருக்குக் கீழே இறங்கின. அமெரிக்காவுக்குப் போன கார்களில் மூன்று எஸ்யு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு ஸ்ட்ரோம்பர்க் வைத்ததால் சக்தி குறைந்தது. ஆனால் காற்று புகும் முகவாய் பெரிதானது. இன்ஜின் சூடேறும் தொல்லை ஓரளவு தணிந்தது. பிரேக்கும் நன்றாக இருக்கும்.

மூன்றாம் தொடர் 1971 முதல். 5.3 லிட்டர் வி12 இன்ஜின், ரோட்ஸ்டருக்கும் நீண்ட சக்கர இடைவெளி, பவர் ஸ்டீயரிங். பந்தயக் காரின் துடிப்பைவிட நெடுஞ்சாலைச் சுகம் இதில் அதிகம். இன்ஜின் மென்மையில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் பெட்ரோல் குடிக்கும், பராமரிப்பும் கேட்கும்.

கிளம்பும் முன் தாளைப் படியுங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் நான்கு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி. தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சேஸிஸ் எண்ணே கார் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடும். 3.8-ல் 850001-ல் தொடங்குபவை வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ரோட்ஸ்டர், 860001-ல் தொடங்குபவை வலப்பக்கக் கூப்பே, 875001 இடப்பக்க ரோட்ஸ்டர், 885001 இடப்பக்கக் கூப்பே. முதல் தொடர் 4.2-ல் இதே வரிசைக்கு 1இ1001, 1இ20001, 1இ10001, 1இ30001 என்பவை தொடக்க எண்கள். இரண்டாம் தொடர் 1ஆர் என்றும், மூன்றாம் தொடர் 1எஸ் என்றும் தொடங்கும். ரோட்ஸ்டர் என்று விளம்பரம் செய்த காரின் எண் 1இ30001-க்குப் பின் வந்தால், அது கூப்பேயின் கூரையை அறுத்து ஆக்கியது. பிரிட்டனில் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு விற்கும் பல கார்கள் அமெரிக்காவுக்கு இடப்பக்கமாகப் போய்த் திரும்பி வந்து மாற்றப்பட்டவை. நல்ல பட்டறையில் செய்த மாற்றம் குற்றமல்ல. மறைத்து, பிறந்ததே வலப்பக்கம் என்ற விலைக்கு விற்பதுதான் குற்றம்.

ஜாகுவாரின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டிடம் இருக்கின்றன. உரிமையாளர் கேட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். கார் எந்தத் தேதியில் தயாரானது, எந்த நிறம், உள்ளே எந்த நிறத் தோல், எந்த விற்பனையாளருக்குப் போனது, அன்று அதில் இருந்த நான்கு எண்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தத் தாள் ஆலையை விட்டு வெளியேறிய காரைப் பற்றிச் சொல்கிறது. உங்கள் முன் நிற்பது அதே கார்தானா என்று சொல்வது அதன் வேலையல்ல. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து வரலாற்றுக் கோப்பு. பழைய ஆண்டுச் சோதனைச் சான்றுகள், பட்டறை ரசீதுகள், முந்தைய உரிமையாளர்களின் கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். மைலேஜ் சீராக ஏறுகிறதா? இடையில் பத்து ஆண்டு வெற்றிடம் இருந்தால் கார் அந்த நாட்களில் எங்கே, எப்படிக் கிடந்தது? புதுப்பித்ததாகச் சொன்னால் பெயிண்ட் உரித்த நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். சில் திறந்திருக்கும் படம், புதுத் தகரம் வைத்த படம், அதே படத்திலோ அடுத்த படத்திலோ சேஸிஸ் எண். இவை இருந்தால் விற்பவர் சொல்வதைப் பாதி நம்பலாம். பெயிண்ட் அடித்தபின் எடுத்த படங்கள் மட்டுமே இருந்தால் அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

எண்களை நேரில் பார்ப்பது

இன்ஜின் அறையில் ரிவெட் அடித்த தகடு ஒன்றில் நான்கு எண்களும் இருக்கும். இந்தத் தகடு புதிதாகவே கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் எண் அடித்து ஒட்டிவிடலாம். தகட்டை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அதிலிருந்து எண்ணை எழுதிக்கொண்டு, உலோகத்திலேயே அடித்திருக்கும் இடங்களைத் தேடிப் போங்கள்.

சேஸிஸ் எண் முன் ஃபிரேமின் வலப்பக்கம், ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். இன்ஜின் எண் இரும்பு பிளாக்கில், வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே. சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்திலும் அதே எண் இருக்க வேண்டும். 3.8 இன்ஜின் எண் ‘ஆர்’ எழுத்திலும் முதல் தொடரின் 4.2 இன்ஜின் எண் ‘7இ’ என்றும் தொடங்கும். இறுதியில் வரும் 8 அல்லது 9 கம்ப்ரஷன் விகிதத்தைக் குறிக்கும்.

இ-டைப்பில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. சேஸிஸ் எண் அடித்திருக்கும் அந்த ஃபிரேமே கழற்றி மாற்றக்கூடிய பாகம். விபத்தாலோ துருவாலோ ஃபிரேமை மாற்றியிருந்தால் புதியதில் பழைய எண்ணை அடித்திருப்பார்கள். அதில் தவறில்லை, கோப்பில் ரசீது இருந்தால் போதும். ஆனால் இதே வசதியை வைத்து, தொலைந்துபோன ஒரு காரின் எண்ணை வேறு காரில் ஏற்றுவதும் எளிது. எனவே பாடி எண் பொருந்துகிறதா என்பதற்கு இந்தக் காரில் கூடுதல் மதிப்பு. உங்கள் ஆண்டு மாடலில் அது எங்கே இருக்கும் என்பதைக் கிளப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

எழுத்துகளை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சுற்றியுள்ள உலோகம் மற்ற இடத்தைவிட வழவழப்பாக, அரைத்ததுபோல் இருந்தால், அல்லது வெப்பம் பட்ட வெல்டிங் விளிம்பு தெரிந்தால், எழுத்துகள் வெவ்வேறு ஆழத்தில் இருந்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்

உங்களோடு எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், பழைய துணி, நோட்டுப் புத்தகம். கார் வெளிச்சத்தில், காய்ந்த நிலையில் நிற்க வேண்டும். மழையில் நனைந்த பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

முதலில் கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கூடு நடுவில் தொய்ந்திருக்கிறது. ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது. சில் பலம் இழந்தால் முதலில் இங்கேதான் தெரியும். விற்பவர் அனுமதித்தால் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது தாராளமாக மூடிய கதவு இப்போது உரசினால் கூடு வளைகிறது என்று பொருள். சில் மாற்றும்போது கூட்டுக்கு முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் இந்த வளைவு நிரந்தரமாகிவிடும். பின் எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. டிங்கரிங் வேலையில் கைதேர்ந்தவர்கூட அதைப் பட்டி வைத்துத்தான் மறைக்க முடியும்.

பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும். இ-டைப்பின் உடல் முழுவதும் இரும்புத் தகரம் (பந்தயத்துக்காகக் கட்டிய ஒரு டஜன் இலகு எடைக் கார்கள் மட்டுமே அலுமினியம்). காந்தத்தைச் சில் நெடுக, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பின் கதவின் கீழ் விளிம்பு என மெல்ல நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் தகரத்துக்கும் பெயிண்டுக்கும் இடையே பட்டி தடிமனாக இருக்கிறது.

பிறகு கம்பளத்தைத் தூக்குங்கள். தரைத் தகடு, இருக்கைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம், சில்லின் உட்சுவர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். காருக்கு அடியில் படுத்து, பின் சஸ்பென்ஷனின் நீளக் கைகள் தரையோடு சேரும் இடத்தைத் தேடுங்கள். ஓடும் காரின் உந்துதலும் பிரேக்கின் இழுப்பும் வந்து விழும் இடம் அது. அங்கே துரு இருந்தால் தகடு கிழியும். டிக்கியில் உபரிச் சக்கரத்தை எடுத்துவிட்டு அதன் பள்ளத்தையும் பெட்ரோல் டேங்கைச் சுற்றியும் பாருங்கள்.

முன் ஃபிரேமுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மெல்லிய சுவருள்ள ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய்களைப் பித்தளை வைத்துப் பற்றவைத்து ஆக்கியது அது. உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பாகவும் உள்ளே காகிதம் போலவும் இருக்கக்கூடும். மூலைப் பற்றவைப்பில் மயிரிழை விரிசல், பேட்டரி அமிலம் சொட்டிய இடத்தில் கொப்புளம், மேலே ஒட்டுப் போட்ட தகடு ஆகியவற்றைத் தேடுங்கள். தடிமனாகப் பூச்சு அடித்த ஃபிரேமைவிட, பழைய பெயிண்ட் உரிந்தும் உரியாமலும் உள்ள ஃபிரேம் நம்பத்தக்கது, ஏனென்றால் அதில் விரிசல் ஒளிய முடியாது. ஒட்டுப் போட்ட ஃபிரேமை மாற்றியே ஆக வேண்டும், ஒட்டின்மேல் ஒட்டு இங்கே பயன்படாது.

கடைசியாகப் பானட். மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும் இந்தப் பானட்தான் காரின் அழகு முழுவதும். மிக விலை கூடிய பாகமும் இதுவே. மூடியபின் அதன் பின் விளிம்பும் கதவின் முன் விளிம்பும் சமமாக உள்ளனவா என்று பாருங்கள். உட்புறம் தகடுகள் சேரும் விளிம்புகளில் துருவும், மூக்கில் பழைய மோதலின் சுருக்கமும் இருக்கலாம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்

நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஸ்டார்ட் ஆகும் தொல்லையை மறைக்க முன்பே ஓட்டியிருக்கிறார்கள்.

ஆறு சிலிண்டர் எக்ஸ்கே இன்ஜின் 1948 முதல் வந்த குடும்பம், உரம் பெற்றது. சரியாகப் பராமரித்தால் நெடுங்காலம் உழைக்கும். நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 பவுண்டு அளவில் நிற்க வேண்டும். முன்பக்கம் செயின் சத்தம் கேட்டால் மேல் செயினா, கீழ்ச் செயினா என்று பிரித்தறியுங்கள். மேல் செயினை இறுக்கிவிடலாம். கீழ்ச் செயின் என்றால் பெரிய வேலை. இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் வழியே சொட்டுச் சொட்டாக வடிவது சகஜம். வழிந்து ஓடினால் இன்ஜினை இறக்க வேண்டும். இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் உட்காருவதால் கூலன்ட் மாற்றாமல் விட்ட காரில் அரிப்பு ஏற்படும். 4.2 பிளாக்கில் சிலிண்டர்களுக்கு இடையே விரிசல் விழுந்த கதைகளும் உண்டு. ஆயிலில் பால் நிறமும் கூலன்டில் எண்ணெய்ப் படலமும் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விலகுங்கள்.

வி12-ஐப் பொறுத்தவரை குளிர்விப்புதான் உயிர்நாடி. முழு அலுமினிய இன்ஜின், அதனால் பழைய கூலன்ட் சேறாகி வழிகளை அடைத்துவிடும். போல்ட்கள் அரித்து ஹெட் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டால் கழற்றுவதே தனிப் போராட்டம். 20 நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, வெப்பமானியைக் கவனியுங்கள். விசிறி சுழன்றதும் முள் இறங்க வேண்டும்.

கிளட்ச் பற்றி முன்கூட்டியே அறிவது நல்லது: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வெளியே எடுத்தால்தான் கிளட்ச் தட்டை மாற்ற முடியும். தட்டின் விலை சிறியது, கூலி பெரியது. நழுவும் கிளட்ச் சிறு குறை என்று விற்பவர் சொன்னால் அந்தக் கூலியைக் கணக்கில் சேருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். 3.8-ன் பழைய கியர்பாக்ஸில் முதல் கியரில் ஊளைச் சத்தம் கேட்பது இயல்பு, கியர் மாற்றவும் அவசரப்படக் கூடாது. ஆனால் எந்தக் கியரும் தானாக வெளியே குதிக்கக் கூடாது.

ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விடுங்கள். பின்னாலிருந்து ‘டொக்’ என்ற சத்தம் வந்தால் யுனிவர்சல் ஜாயின்ட், கூண்டின் ரப்பர் மவுன்டிங், கம்பிச் சக்கரத்தின் பல்வரிசை இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. எதுவென்று அறிய நின்றபின் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹப் நிற்கச் சக்கரம் மட்டும் அசைந்தால் பல் தேய்ந்துவிட்டது. சக்கரம், ஹப் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பின் பிரேக் டிஸ்குகள் சக்கரத்துக்கு அருகில் இல்லை, டிஃபரென்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. அங்கே ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்கில் படியும். அணுகுவதும் சிரமம், அதனால் பல ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள். கைப்பிரேக்கும் அப்படியே. சரிவான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அடியில் படுத்து டிஸ்கில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்குப் பல பட்டறைகளில் பின் கூண்டையே இறக்கிவிடுவார்கள்.

விலை பேசுவது

பார்த்ததையெல்லாம் நோட்டில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கூடு, ஃபிரேம், எண்கள் தொடர்பானவை முதல் பத்தி. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், கூண்டு தொடர்பானவை இரண்டாவது. தோல், குரோமியம், மீட்டர், பெயிண்ட் மூன்றாவது. முதல் பத்தியில் ஏதேனும் பெரிய குறை இருந்தால், மற்ற இரண்டும் சுத்தமாக இருந்தாலும் வாங்காதீர்கள். இரண்டாவது பத்தியில் உள்ளவற்றுக்கு இ-டைப் வேலை தெரிந்த பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். மூன்றாவது பத்தியைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரும் பாதி முடிந்த காரை முதல் முறை வாங்குகிறவர் தொடக் கூடாது. எது இருக்கிறது, எது இல்லை என்று கண்டுபிடிக்கவே அனுபவம் வேண்டும். குறைந்த விலைக் காரை வாங்கி முழுமையாகப் புதுப்பிப்பதைவிட, யாரோ ஒருவர் ஏற்கெனவே நேர்மையாகப் புதுப்பித்த காரை அதிக விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் லாபம். என்ன வாங்கினாலும் கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், முதல் ஆண்டில் அது தேவைப்படும்.

தனியார் நிபுணர் ஒருவரை அமர்த்திச் சோதிப்பதற்கு ஆகும் கட்டணத்தைச் செலவாக நினைக்காதீர்கள். அவர் எழுதித் தரும் அறிக்கை உங்கள் கோப்பின் முதல் தாளாகும்.

சட்டமும் பதிவும்

பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய கார் ‘ஹிஸ்டாரிக்’ வகைக்கு மாறலாம், சாலை வரி கிடையாது. 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத அத்தகைய கார்களுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் காரைச் சாலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. எனவே கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டு போங்கள். அமெரிக்காவில் 25 வயதான கார்களை இறக்குமதி செய்யும்போது அந்நாட்டுப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு.

இந்தியாவில் 2021-ல் வந்த விதிப்படி 50 வயதைக் கடந்த, அசல் நிலையிலுள்ள கார்களை ‘வின்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்யலாம். பதிவு எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவு செய்த காரை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைப்பவர் இறக்குமதி விதியையும் சுங்கத் தீர்வையையும் அன்றைய நிலவரப்படி உறுதி செய்துகொண்டு, அதன்பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

காப்பீடு எடுக்கும்போது சந்தை மதிப்பு என்ற வகையை ஏற்காதீர்கள். நிபுணர் அறிக்கையை வைத்து, காருக்கு இவ்வளவு மதிப்பு என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் வகையை எடுங்கள்.

வாங்கிய முதல் மாதம்

விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள்: இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் திரவம், கூலன்ட். பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களாக மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும், சூடான எக்ஸ்ஹாஸ்ட் இருக்கும் பானட்டுக்குள் பெட்ரோல் கசிந்தால் காரே எரிந்துபோகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரை நம்பி இந்த வேகக் காரை ஓட்டக் கூடாது. 3.8 வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய சார்ஜரையோ ரேடியோவையோ வழக்கம்போல் மாட்டினால் வயரிங் கருகும்.

பிறகு ஓட்டுங்கள். மாதம் ஒருமுறையாவது, ஆயில் நன்றாகச் சூடேறும்வரை, 30 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் வெறுமனே இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினால் சைலன்சருக்குள் நீர் தங்கித் துருதான் பிடிக்கும். நிறுத்தியே வைத்த காரில் சீல் காயும், பிரேக் பிஸ்டன் இறுகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். உறைபோட்டுப் பூட்டி வைத்த காரைவிட ஒழுங்காக ஓடும் கார் குறைந்த செலவில் நீண்ட நாள் இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் மைலேஜையும், கேட்ட புதுச் சத்தத்தையும், சொட்டிய எண்ணெயையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போங்கள், மெக்கானிக் அரை நாள் தேடிக் கண்டுபிடிப்பதை அது அரை நிமிடத்தில் காட்டிவிடும்.